எழுதிய வானோடிகள் பட்டியல்: லாத்வியப் பகுதியில் யாரை, எப்படிச் சேர்ப்பது?

வானூர்தி வாசகன் எழுதியது:

நாம் தொகுத்துவரும் ‘எழுதிய வானோடிகள்’ பட்டியலில் பால்டிக் நாடுகளுக்கான பகுதியைத் தொடங்கியிருக்கிறேன். லாத்வியாவில் சிக்கல் எழுந்திருப்பதால் உறுப்பினர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

முதலில் பின்னணி. 1930-களில் இருபது லட்சத்துக்கும் குறைவான மக்களே வாழ்ந்த இந்த நாட்டுக்கு 1919-லேயே இராணுவ விமானப் பிரிவு இருந்தது. அதற்கு முன்பே, ரஷ்யப் பேரரசின் துறைமுக நகரமாக இருந்த ரீகாவில் விமான எஞ்சின்கள் செய்யப்பட்டன. முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படையுடன் வெர்துன் வான்பரப்பில் போரிட்டு, 1916-ல் கிழக்கு முனையில் உயிரிழந்த எடுவார்ட்ஸ் புல்பே லாத்வியர்தான். சுதந்திர லாத்வியா பிரிட்டனிடமிருந்து 26 கிளாடியேட்டர் போர் விமானங்களை வாங்கியதோடு நிற்காமல், ரீகாவின் ‘வெஃப்’ அரசு மின்கருவித் தொழிற்சாலையில் சொந்த விமானங்களையும் கட்டியது. மினாக்ஸ் எனும் சின்னஞ்சிறிய கேமராவை முதலில் தயாரித்ததும் இதே தொழிற்சாலைதான்.

1940 ஜூன் 17-ல் சோவியத் படைகள் உள்ளே நுழைந்தன. 1941 கோடையில் ஜெர்மானியர்கள் வந்தார்கள். 1944, 1945-ல் மீண்டும் சோவியத் ஆட்சி. ஐந்து ஆண்டுகளுக்குள் மூன்று முறை ஆட்சி கைமாறிய நாட்டில், வானோடியாக இருந்த ஒருவர் எந்தச் சீருடையை அணிந்தார் என்ற கேள்வி அவர் எழுதிய ஒவ்வொரு பக்கத்தின் பின்னாலும் நிற்கிறது.

என் கையில் இரண்டு பெயர்கள் உள்ளன. ஒருவர் ஹெர்பர்ட்ஸ் சுக்குர்ஸ். தன் கையால் கட்டிய விமானத்தில் 1933-ல் புறப்பட்டு, மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவரை பறந்து, மறு ஆண்டு நாடு திரும்பி, அந்தப் பயணத்தை நூலாக எழுதியவர். மற்றவர் கார்லிஸ் இர்பீடிஸ். வெஃப் விமானங்களின் வடிவமைப்பாளரான இவர், போருக்குப் பின் கனடாவில் குடியேறி, லாத்விய விமான வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். அந்நூல் 1986-ல் வெளிவந்தது. இவர் வானோடி அல்லர் என்றாலும், போரில் சிதறிப்போன ஒரு விமானத்துறையைப் பற்றி உள்ளிருந்து எழுதியவர் என்பதால் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். சுக்குர்ஸைச் சேர்ப்பதா, சேர்த்தால் எப்படி எழுதுவது என்பதே என் கேள்வி.

---

பழைய ஏடு எழுதியது:

சுக்குர்ஸைச் சேர்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் காம்பியாப் பயணத்தோடு அவருடைய குறிப்பை முடிப்பதாக இருந்தால் கடுமையாக எதிர்க்கிறேன்.

பயணம் உண்மையிலேயே பெரியது. லியெபாயாவில் பிறந்த இளைஞர், பழைய பாகங்களையும் பழைய எஞ்சினையும் கொண்டு ‘சி-3’ என்ற சிறு விமானத்தைக் கட்டி, ஐரோப்பாவைக் கடந்து, ஆப்பிரிக்கக் கரையோரமாகக் காம்பியா ஆற்றின் முகத்துவாரத்தை அடைந்தார். ஏன் காம்பியா? 17-ஆம் நூற்றாண்டில் குர்லாந்துச் சிற்றரசு 1651-ல் அங்கே ஒரு தீவில் கோட்டை கட்டியிருந்தது. இன்றைய லாத்வியாவின் மேற்குப் பகுதியே அந்தக் குர்லாந்து. புதிதாகப் பிறந்த குடியரசுக்கு, ‘நமக்கும் ஒரு காலத்தில் கடல் கடந்த நிலம் இருந்தது’ என்ற நினைவு பெருமிதம் தந்தது. ஆகவே அவர் திரும்பி வந்தபோது நாடே அவரைக் கொண்டாடியது. பின்னர் ‘மூன்று நட்சத்திரங்கள்’ என்று பெயரிட்ட ‘சி-6’ விமானத்தில் 1936-ல் கிளம்பி டோக்கியோவரை சென்றார். 1939 இறுதியில் பாலஸ்தீனத்துக்கும் பறந்து வந்து, அந்தப் பயணத்தைப் பற்றி ரீகாவின் யூதச் சங்கத்தில் உரையாற்றினார். அந்த அரங்கில் அமர்ந்து அவருக்குக் கைதட்டிய மக்களை இனி வரப்போகும் செய்தியோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

1941 கோடையில் ஜெர்மானியர்கள் ரீகாவைப் பிடித்ததும், விக்டர்ஸ் அராய்ஸ் என்பவரின் தலைமையில் உள்ளூர் ஆட்களைக் கொண்டு ஒரு கொலைப்படை அமைக்கப்பட்டது. குறைந்தது 26,000 பேரின் உயிரைப் பறித்ததாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடும் அந்தப் படையில் சுக்குர்ஸ் இடம்பெற்றிருந்தார். அதே ஆண்டு நவம்பர் 30-லும் டிசம்பர் 8-லும் ரீகாவில் யூதர்களை அடைத்து வைத்திருந்த சேரியின் (கெட்டோ) மக்கள் ரும்புலா காட்டுக்கு நடத்திச் செல்லப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாட்களில் ஏறத்தாழ 25,000 பேர். குழிகளின் ஓரத்தில் சுட்டவர்கள் நாஜி எஸ்.எஸ். தளபதி ஃபிரீட்ரிக் யெக்கெல்ன் கொண்டுவந்த ஜெர்மானியர்கள். சேரியிலிருந்து மக்களை விரட்டியதிலும் காவல் நின்றதிலும் லாத்வியத் துணைப்படையினருக்குப் பங்கு உண்டு. சேரியில் சுக்குர்ஸைக் கண்டதாகவும், அவர் தம் கையால் மக்களைச் சுட்டதாகவும் உயிர் தப்பியவர்கள் சாட்சியம் அளித்திருக்கிறார்கள். அவர்கள் அவரை அடையாளம் கண்டதில் வியப்பில்லை. பத்திரிகைப் படங்களில் பல ஆண்டுகள் பார்த்துப் பழகிய முகம் அது.

---

மேகமூட்டம் எழுதியது:

பழைய ஏடு ஐயா எழுதியதை மறுக்கும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. ஆனால் பட்டியலின் நோக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காம்பியாப் பயணநூல் 1934-ல் எழுதப்பட்டது. அந்த ஆண்டில் அதை வாசித்த சிறுவனுக்குப் பாலைவனத்தின் மேல் பறக்கும் சிறு விமானமும், மணல் புகுந்த எஞ்சினும்தான் தெரிந்திருக்கும். ஒருவர் பின்னாளில் செய்த குற்றத்தை வைத்து முன்னாளில் எழுதியதைப் படிப்பது வரலாற்று முறைக்குப் பொருந்துமா? அவர் மீது எந்த நீதிமன்றமும் தீர்ப்பு வழங்கவில்லை என்பதும் உண்மை. அவர் வாகனப் பட்டறைக்குப் பொறுப்பாளராக மட்டுமே இருந்தார் என்று அவர் தரப்பில் பேசுபவர்கள் சொல்வதையும் ஓரிடத்தில் பதிவு செய்ய வேண்டாமா?

---

பழைய ஏடு எழுதியது:

நண்பர் நேர்மையாகக் கேட்டிருப்பதால் விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

தீர்ப்பு இல்லை என்பது உண்மை. ஏன் இல்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். போர் முடிந்ததும் சுக்குர்ஸ் பிரேசிலுக்குச் சென்றுவிட்டார். ரியோ டி ஜெனீரோவின் ஏரியில் மிதிபடகுகளை வாடகைக்கு விட்டார். பின்னர் சாவோ பாவ்லோ பகுதியில் நீர்விமானத்தில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் பறந்தார். சொந்தப் பெயரிலேயே வாழ்ந்தார். 1965-ல் ஆஸ்திரிய வணிகராக வேடமிட்ட, இஸ்ரேலின் மொசாட் உளவாளி ஒருவர் அவருடன் பழகி, விமானச் சுற்றுலாத் தொழிலில் கூட்டு என்று ஆசை காட்டி உருகுவேக்கு வரவழைத்தார். பிப்ரவரி 23 அன்று மொண்டேவீடியோவுக்கு அருகில் ஒரு வீட்டில் அவர் கொல்லப்பட்டார். நாஜிக் குற்றங்களுக்கான வழக்குக் காலவரம்பு முடியப்போகிறது என்று மேற்கு ஜெர்மனியில் விவாதம் நடந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. இந்தக் கொலையால் ஒரு விசாரணை நமக்குக் கிடைக்காமல் போயிற்று என்று நானும் வருந்துகிறேன். விசாரணை நடந்திருந்தால் ரும்புலாவில் அவருடைய பங்கு எவ்வளவு என்பதைச் சாட்சிகளின் குறுக்கு விசாரணை தெளிவாக்கியிருக்கும். அந்த அளவைப் பற்றி ஆய்வாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அவர் அந்தப் படையில் இருந்தார் என்பதில் வேறுபாடு இல்லை.

‘பட்டறைப் பொறுப்பாளர் மட்டுமே’ என்ற வாதத்தை அது சொல்லும் அளவுக்கே ஏற்றுக்கொண்டு பார்ப்போம். அராய்ஸ் படை ரீகாவோடு நிற்கவில்லை. அதன் ஆட்கள் நீலநிறப் பேருந்துகளில் சிற்றூர் சிற்றூராகச் சென்று அங்கிருந்த யூதக் குடும்பங்களைக் கொன்றார்கள். அப்படிப்பட்ட படையில் வண்டிகளை ஓடும் நிலையில் வைத்திருப்பவரின் வேலை என்ன? பழைய எஞ்சினுக்கு உயிர் கொடுத்துக் காம்பியாவரை பறந்த அதே கைத்திறன்தான் இங்கேயும் பயன்பட்டது. ஆகவே 1934-ஐயும் 1941-ஐயும் தனித்தனி அறைகளில் வைக்க வேண்டும் என்ற கோரிக்கை எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இன்னொன்று. 2014-ல் லியெபாயாவில் அவருடைய வாழ்க்கை இசைநாடகமாக மேடையேறியது. லாத்வியாவின் உள்ளேயும் வெளியேயும் கண்டனம் எழுந்தது. வானோடி என்ற பாதியை மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

---

ஒட்டாவா வடக்கு எழுதியது:

இழை முழுவதும் ஒருவரைச் சுற்றியே செல்வதால், இர்பீடிஸைப் பற்றிச் சிறிது எழுத அனுமதியுங்கள். நான் வசிக்கும் ஒட்டாவாவின் விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் அவருடைய உழைப்பின் ஒரு பகுதி கண்முன்னே நிற்கிறது.

மான்ட்ரியலின் கனடேர் நிறுவனம் 1960-களில் உருவாக்கிய ‘சி.எல்-84’ என்ற விமானம் அது. எஞ்சின்கள் இறக்கையிலேயே பொருத்தப்பட்டிருக்கும். அந்த இறக்கை முழுவதுமாக மேல்நோக்கித் திரும்பும். திரும்பிய நிலையில் ஹெலிகாப்டரைப் போல நேராக எழும்பும்; மேலே சென்றதும் இறக்கை மெல்லச் சாய்ந்து கிடைநிலைக்கு வர, சாதாரண விமானமாகப் பறக்கும். பக்கத்தில் நின்று பார்த்தால் முதலில் கண்ணில் படுவது விமானத்தின் உடலுக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்குப் பெரிய உந்துவிசிறிகள்தான். பின்னால் வால்பகுதிக்குச் சென்றால், படுக்கைவாக்கில், ஒன்றன்மேல் ஒன்றாக எதிரெதிர்த் திசையில் சுழலும் இரு சிறு சுழலிகள் இருக்கும். நேராக எழும்பும்போது மூக்கு மேலே தூக்காமலும் கீழே சாயாமலும் பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை. இரண்டு எஞ்சின்களும் தண்டுகளால் இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்று நின்றாலும் மற்றொன்றே இரு விசிறிகளையும் சுழற்றும்.

முதல் மாதிரி 1965 மே 7-ல் தரையை விட்டு எழுந்தது. 1967-ல் அது விபத்தில் அழிந்தாலும் இரு வானோடிகளும் வெளியேறி உயிர் பிழைத்தார்கள். அடுத்து வந்தவற்றில் ஒன்று அமெரிக்கக் கடற்படையின் குவாம் கப்பலில் இறங்கிக் காட்டியது. இருந்தும் எவரும் வாங்க முன்வராததால் திட்டம் கைவிடப்பட்டது.

இத்திட்டத்தின் முக்கிய வடிவமைப்பாளர்களில் இர்பீடிஸும் ஒருவர். 1904-ல் பிறந்தவர் என்பதால், இதன் முதல் எழுச்சியின்போது அவருக்கு அறுபது வயது. கண்ணாடிக் கூண்டு போன்ற அந்த முகப்பின் முன் நிற்கும்போதெல்லாம், ரீகாவில் மரத்தால் விமானம் செய்துகொண்டிருந்த ஒருவர் இதில் கைவைத்திருக்கிறார் என்பது எனக்கு மிகுந்த மதிப்பை ஏற்படுத்துகிறது.

---

பட்டறைக்காரர் எழுதியது:

சகோதரி எழுதிய வால்சுழலி விவரம் மிகச் சரியானது. வழக்கமான பறத்தலின்போது அவை நின்ற நிலையில் விமானத்தின் நீளவாக்கில் பூட்டப்படும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் காற்றுத்தடை கூடிவிடும்.

நான் ரீகாவின் மர விமானங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். விமானப் பராமரிப்பில் வாழ்நாள் முழுவதும் இருந்தவன் என்ற முறையில், இர்பீடிஸின் ‘ஐ-16’ எனக்கு மிகவும் பிடித்தமானது. சோவியத்தின் பொலிகார்ப்பொவ் ஐ-16 வேறு. பெயர் ஒற்றுமையால் குழப்பம் வருவதுண்டு. இது ஒற்றை இருக்கை கொண்ட இலகுரகப் போர் விமானம், முழுக்க மரக்கட்டுமானம். செக்கோஸ்லோவாக்கியாவின் வால்டர் சாகிட்டா எஞ்சின். பன்னிரண்டு உருளைகள் தலைகீழ் ‘வி’ வடிவில், காற்றால் குளிரும் வகை. ஏறத்தாழ 460 குதிரைத்திறன். அதே காலத்தில் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயரில் 1,000 குதிரைத்திறன் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பாதிக்கும் குறைந்த திறனை வைத்துக்கொண்டு போர் விமானம் செய்ய வேண்டுமானால் எடையைக் குறைக்க வேண்டும், காற்றுத்தடையைக் குறைக்க வேண்டும், மேற்பரப்பை மழமழவென்று முடிக்க வேண்டும். காடுகள் நிறைந்த நாட்டில் நல்ல மரமும் மரவேலை தெரிந்தவர்களும் இருந்தார்கள். மரத்தில் ரிவெட் தலைகள் இல்லை. ஒட்டுப்பலகையைச் செதுக்கித் தேய்த்து வண்ணம் பூசினால் காற்று வழுக்கிச் செல்லும். பின்னாளில் பிரிட்டன் மஸ்கீட்டோ விமானத்தைக் கட்டியபோது உலகம் வியந்த அதே அணுகுமுறை இது.

ஐ-16 பறந்தது 1940-ல். சோதனைகள் முடிவதற்குள் நாடே பறிபோயிற்று. ஒரே ஒரு விமானம்தான் கட்டப்பட்டது.

எழுத்தைப் பற்றி என் கருத்து இது. பறந்தவரோ கட்டியவரோ எழுதும்போது, எஞ்சின் எண், எடை, இறக்கை நீளம் ஆகியவற்றில் அவரை நம்பலாம். அவற்றில் பொய் சொன்னால் உடன் வேலை செய்தவர்கள் பிடித்துவிடுவார்கள். தன்னுடைய காலத்தைப் பற்றி எதை எழுதாமல் விடுகிறார் என்பதில்தான் வாசகர் விழிப்பாக இருக்க வேண்டும். இந்த அளவுகோலை இர்பீடிஸ் உட்பட எல்லோருக்கும் பொதுவாக வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

---

வானூர்தி வாசகன் எழுதியது:

பட்டறைக்காரர் ஐயாவின் கடைசிப் பத்தியைப் பிடித்துக்கொண்டு மேலே செல்ல விரும்புகிறேன், ஏனென்றால் லாத்வியப் பகுதியின் பெரிய இடைவெளி அங்கேதான் இருக்கிறது. புகழ் பெற்ற இருவரையும் தாண்டி, போரில் பறந்த சாதாரண வானோடிகள் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றிய எழுத்தை எப்படி எடைபோடுவது?

1944-ல் ஜெர்மன் விமானப்படை லாத்வியர்களைக் கொண்டு ஓர் இரவுத் தாக்குதல் பிரிவை அமைத்தது. அவர்களுக்குக் கொடுக்கப்பட்டவை அராடோ 66, கோத்தா 145 ஆகிய பழைய இரட்டை இறக்கைப் பயிற்சி விமானங்கள். 240 குதிரைத்திறன் எஞ்சின் கொண்டவை. இன்னொரு பக்கம், செம்படையிலும் லாத்வியர்களைக் கொண்ட இரவுக் குண்டுவீச்சுப் படைப்பிரிவு இருந்தது. அதற்குக் கிடைத்தது போ-2; அதுவும் இரட்டை இறக்கைப் பயிற்சி விமானம்தான், எஞ்சின் வெறும் 100 குதிரைத்திறன். ஆக, ஒரே மொழி பேசிய இளைஞர்கள், ஒரே வகையான மரமும் துணியும் கொண்ட விமானங்களில், ஒரே கிழக்கு முனையின் இருளில், எதிரெதிர் அரசுகளுக்காகப் பறந்தார்கள்.

போருக்குப் பின் என்ன நடந்தது? சோவியத் லாத்வியாவில் போ-2 வானோடிகளின் நினைவுக்கு மட்டுமே இடம் இருந்தது. ஜெர்மன் சீருடையில் பறந்தவர்களைப் பற்றியும், சுதந்திரக் காலத்து விமானப்படையைப் பற்றியும் பெருமையாக ஒரு வரி அச்சேற முடியாது. கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சிதறிய அகதிகளிடம் நிலைமை நேர்மாறு: கிளாடியேட்டர் காலமும் வெஃப் விமானங்களும் அன்போடு எழுதப்பட்டன, செம்படையின் லாத்வியர்கள் காணாமல் போனார்கள். ரும்புலா இரண்டு பக்கத்திலும் விமானப் புத்தகங்களுக்குள் வரவில்லை. 1991-ல் சுதந்திரம் திரும்பியபின்தான் ரீகாவில் இருப்பவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் தடையின்றி ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்து ஒப்பிட முடிந்தது.

எனவே இர்பீடிஸின் நூலை நான் மதிப்பதற்குக் காரணம் அதன் உணர்ச்சி அல்ல. ஆவணக் காப்பகங்கள் எட்டாத தொலைவில் இருந்த காலத்தில், வெஃப் விமானங்களின் விவரங்களை நினைவிலிருந்தும் கையில் எஞ்சிய படங்களிலிருந்தும் மீட்டு வைத்தார் என்பதே. அவர் எழுதாமல் போயிருந்தால் ஐ-16 ஓர் அடிக்குறிப்பாக மட்டுமே இருந்திருக்கும். அதே சமயம், அது ஒரு தரப்பின் அலமாரியிலிருந்து வந்த நூல் என்பதையும் நம் குறிப்பில் சொல்ல வேண்டும்.

---

மேகமூட்டம் எழுதியது:

வானூர்தி வாசகன் எழுதிய இரு அலமாரிகளின் கதை என்னை மிகவும் யோசிக்க வைத்தது. சுக்குர்ஸின் குறிப்பில் 1941 வர வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒரு வேண்டுகோள்: குற்றத்தை எழுதும்போது, உறுதியானதையும் சாட்சியத்தின் அடிப்படையிலானதையும் தனித்தனியாக எழுதுங்கள். ‘அராய்ஸ் படையில் இருந்தார்’ என்பது உறுதி. ‘இன்ன இடத்தில் இன்னாரைச் சுட்டார்’ என்பதை உயிர் தப்பியவர்களின் வாக்குமூலம் என்றே எழுத வேண்டும். அவரைக் காப்பாற்ற இதைக் கேட்கவில்லை. ஒரு வரியில் பிழை இருந்தாலும், அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் மறுக்க ஆட்கள் காத்திருக்கிறார்கள். கொல்லப்பட்டவர்களுக்கு அது செய்யும் தீங்கு பெரியது.

---

பழைய ஏடு எழுதியது:

இந்த வேண்டுகோளை முழுமனதோடு ஏற்கிறேன். ஆய்வாளர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். படையின் தலைவரான அராய்ஸ் மீது 1979-ல் ஹாம்பர்க் நீதிமன்றம் வழங்கிய ஆயுள் தண்டனைத் தீர்ப்பு இருப்பதால், படையின் செயல்களைச் சாட்சியம் என்ற தயக்கமின்றி உறுதியாகவே எழுதலாம். அவர் சிறையிலேயே 1988-ல் இறந்தார்.

குறிப்பின் வரைவை நான் எழுதித் தருகிறேன். காம்பியா, டோக்கியோ, ரீகா மூன்றும் ஒரே பத்தியில் வரும். துணைத்தலைப்பு போட்டுப் பிரிக்க மாட்டேன். படம் போடுவதாக இருந்தால் ‘சி-3’ விமானத்தின் படத்தைப் போடலாம், சீருடையில் சிரிக்கும் நாயகப் படம் வேண்டாம். பாலஸ்தீனப் பயண உரையையும் கட்டாயம் சேர்ப்பேன்.

---

பட்டறைக்காரர் எழுதியது:

அப்படியானால் இர்பீடிஸின் குறிப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். ஐ-12 பயிற்சி விமானத்தில் தொடங்கி ஐ-16 வழியாக சி.எல்-84 வரை எழுதுவேன். ஒட்டாவாவில் இருக்கும் சகோதரி, அடுத்த முறை அருங்காட்சியகம் செல்லும்போது இறக்கையின் கீல் பகுதியை இரண்டு பக்கத்திலிருந்தும் படம் எடுத்து அனுப்ப முடியுமா? இறக்கை எந்த இடத்தில் உடலோடு சேர்ந்து திரும்புகிறது என்பதைத் தமிழில் விளக்க, வெளியே கிடைக்கும் படங்கள் போதவில்லை. செம்படை, ஜெர்மன் படை இரண்டின் இரவு விமானங்களுக்கும் தனி உட்பகுதி தேவை என்பது என் கருத்து. அதை வானூர்தி வாசகன் எழுதினால் நன்றாக இருக்கும், விமான விவரங்களை நான் சரிபார்த்துத் தருகிறேன்.